துணைக்கால்

டிசம்பர் 22, திங்கள். இன்றைய தவறு: ஒரு துணைக்கால். விட்டுப்போன இடம்: பாடல் தாள், இரண்டாம் பக்கம், மக்கள் சொல்லும் பதில். எத்தனை தாள்: அறுநூறு. கண்டுபிடித்தது நான் அல்ல, அக்கா.

இவ்வளவையும் எழுதிவிட்டு இளையவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, ‘அக்கா சிரித்தாள்’ என்று ஒரு வரி சேர்த்தாள். அது தவறுகளோடு சேருமா, சேராதா என்று சந்தேகம் வந்தது. சேராது என்று தோன்றியதால் அடித்தாள். அடித்தது சரியா என்று அடுத்த சந்தேகம். அடித்த வரிக்குக் கீழே புள்ளிகள் வைத்தாள். அடித்ததைக் கண்டுகொள்ளாதே, முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்பது அச்சகத்து வழக்கில் அந்தப் புள்ளிகளுக்குப் பொருள்.

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பற்றாக்குறைக்கு வாரத்தில் மூன்று மாலை, வேலை முடிந்த கையோடு, பிழை திருத்துவதையே பாடமாகச் சொல்லித்தரும் வகுப்புக்கும் போய்வந்தாள். தினமும் தான் செய்த ஒரு தவறைத் தேதி போட்டு எழுத வேண்டும், அதற்குக் கீழே மறுநாள் செய்ய வேண்டியதை எழுத வேண்டும் என்பது அங்கே முதல் நாள் கொடுத்த வீட்டுப்பாடம். கூடப் படித்தவர்கள் இரண்டு வாரத்தில் கைகழுவிவிட்டார்கள். இவள் விடவில்லை. தவறே கிடைக்காத நாளில், ‘இன்று தவறு என் கண்ணில் படவில்லை, அதுவே தவறாக இருக்கலாம்’ என்று எழுதிவைப்பாள்.

அச்சகத்தில் அவளுக்குத் துணைக்கால் என்றே பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு கல்யாணப் பத்திரிகை மெஷினில் ஏறி நாலைந்து தாள் ஓடியும் ஆகிவிட்டது. இவள் மூச்சிரைக்க ஓடிவந்து நிறுத்தச் சொன்னாள். ‘மாலை ஆறு மணி’ என்பது ‘மலை ஆறு மணி’ என்றிருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் நின்று அதை நெடிலாக்குமே, அந்த ஒற்றைக் கால் விழுந்துவிட்டிருந்தது. மெஷின்காரர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல வேளை, மாப்பிள்ளை மலையேறியிருப்பார் என்றார். அன்றைக்கு வைத்த பெயர்தான் இது.

அப்படிப்பட்டவள் கோட்டைவிட்ட கால் எங்கே விழுந்தது என்பதுதான் விஷயம்.

தாள் கிறிஸ்துமஸ் திருப்பலிக்கானது. பங்குத்தந்தை குழந்தை இயேசுவான பாலனின் சுரூபத்தைக் கைகளில் ஏந்திக் கோவிலின் நடுவே நடந்து, இயேசு பிறந்த தொழுவமாக ஜோடித்த குடிலுக்கு வருவார். அப்போது எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் மூன்று முறை சொல்ல வேண்டிய பதில், ‘எங்கள் நடுவே பாலன் பிறந்தார்.’ தாளில் இருந்தது, ‘எங்கள் நடுவே பலன் பிறந்தார்.’

தாளின் பின்பக்கம் முழுக்க ஒரு வீட்டுப் பொருள் கடையின் விளம்பரம். ‘பண்டிகைக் காலப் பலன்கள்’ என்று கட்டைவிரல் உயர எழுத்தில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை.

வேலை முடிந்து அந்தத் தாளில் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. அக்காவிடம் காட்ட வேண்டும்.

அக்கா எட்டாம் மாதத்தில் பிரசவத்துக்காக அம்மாவிடம் வந்தவள். அக்டோபர் எட்டாம் தேதி குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அத்தான் லாரி ஓட்டுகிறவர். ஞாயிறுதோறும் வந்து, அக்காவின் கட்டில் ஓரத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அக்கா அவரோடு திரும்பிப் போகவும் இல்லை, போக மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

அன்று முதல் அந்த வீட்டில் சில சொற்கள் காணாமல் போயின. தொட்டில் என்ற சொல் போயிற்று. குழந்தை போயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் அம்மா போய்க் குழாயைத் திறந்துவிடுவாள், தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்காது என்று. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் “அது தங்கலை” என்று தாழ்ந்த குரலில் இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போடுவாள்.

டிசம்பர் வந்தது. அம்மா வாசலில் நட்சத்திரம் கட்டினாள். ஜன்னலுக்கு வண்ண விளக்குகள் வந்தன, புதுத் திரைச்சீலை வந்தது, ஆளுக்கொரு துணியும் அக்காவுக்கு மட்டும் இரண்டும் வந்தன. வழக்கத்தைவிட எல்லாமே ஒரு பங்கு கூடுதல். குடில் பெட்டி மட்டும் பரணிலேயே இருந்தது. இந்த ஒரு வருஷம் அதை இறக்க வேண்டாம், பார்த்தால் அவள் தாங்க மாட்டாள் என்று அம்மா இளையவளை அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் சொல்லியிருந்தாள். சிறுவயதில் இருந்தே அந்த வீட்டில் ஆட்டுக்குட்டிகளும் கழுதையும் இளையவள் பொறுப்பு. பாலனைக் கிடத்துவது அக்கா பொறுப்பு. ஒருமுறை அதற்காக இருவரும் முடியைப் பிடித்துச் சண்டை போட்டு, கழுதையின் காது உடைந்தது.

அக்கா அக்டோபருக்குப் பிறகு கோவிலுக்குப் போகவில்லை. கேட்டால், பார்க்கலாம் என்பாள். கிறிஸ்துமஸ் பூசைக்காவது அவள் வந்துவிட்டால் போதும் என்று அம்மா ஜெபமாலையும் கையுமாக இருந்தாள். இளையவளுக்கோ அதைவிடப் பெரிய பயம். இதற்கும் வராமல் போனால் அக்கா இனி எதற்கும் வர மாட்டாள், அந்தக் கதவு உள்ளிருந்தே பூட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நானே திருத்திய தாள், பாடல் எல்லாம் உனக்குப் பிடித்ததுதான் என்று சொல்லிக் காட்டினால் மனசு இளகலாம். அதற்குத்தான் அந்தத் தாள்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாம் பக்கத்தில் பாதி வந்ததும் நிறுத்தினாள். பிறகு சிரித்தாள்.

“சரியாத்தான்டி போட்டிருக்கே. பாலன் எங்க பிறந்தான்?”

தாளை மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அம்மா அடுப்படியில் இருந்து ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். முகம் விளக்கேற்றியது போல் இருந்தது. “சிரிச்சாளா?” என்று கேட்டாள். இளையவள் ஆமாம் என்று சொன்னாள். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலை அவள் அச்சகத்துக்குப் போனபோது மெஷினில் அடுத்த வருஷத்து நாட்காட்டி ஏறியிருந்தது. முதலாளியிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெஷின் வெள்ளிக்கிழமை வரை காலியில்லை, தாளும் கையிருப்பில் இல்லை, தவிர அதை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள், பழக்கத்தில் எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள், பின்பக்கத்து விளம்பரத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று சாந்தமாக விளக்கினார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளுக்குச் சுட்டது.

மெஷின்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.

“என்ன துணைக்காலு, உன் காலையே காணோமே?” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “மாப்பிள்ளை இல்லாமலே கல்யாணம் நடக்குது. நடக்கட்டும்னுதான் எல்லாரும் இருக்காங்க. உனக்கு மட்டும் என்ன?”

“நான் படிச்ச புரூஃப் அண்ணே.”

“சரி, அப்ப கையால போடு. மெல்லிசு நிப் பேனா எடுத்துக்கோ. பானாவுக்கும் லானாவுக்கும் நடுவுல ஒரு நூல் இடம்தான் இருக்கு.”

பங்குத்தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர், மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்குள் தாள்கள் கோவிலுக்கு வந்தால் போதும் என்றார், முடியாவிட்டால் அந்த வரியைத் தானே உரக்கச் சொல்லித்தருவதாகவும் சொன்னார். வைக்கப் போனவர், அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். இருக்கிறாள் ஃபாதர் என்றாள்.

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அறுநூறு தாளையும் இரண்டு கட்டாக வீட்டுக்குச் சுமந்து வந்தாள். கூடத்தில் பாயை விரித்து, முறை வகுத்துக்கொண்டாள். முப்பது முப்பதாகப் போட வேண்டும், மை காயப் பரப்ப வேண்டும், காய்ந்ததும் ஒருமுறை பார்த்து அடுக்க வேண்டும். முதல் தாளிலேயே கால் லகரத்தின் மேல் ஏறிவிட்டது. அதைத் தனியாக வைத்து, மேலே ‘1, கெட்டது’ என்று எழுதினாள். அம்மா சமையலை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணாடியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அம்மா போட்ட கால்கள் அடியில் வளைந்திருந்தன.

“இது கால் இல்லம்மா, கைத்தடி.”

“வயசானவ போட்ட காலு அப்படித்தான் இருக்கும். நீ உன் வேலையைப் பாரு.”

மூன்று மணிவாக்கில் இருநூற்றைம்பது தாண்டியிருந்தது. அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் கூடத்து வாசலில் நின்றாள். கூடம் முழுக்கத் தாள். அம்மா பதறிப்போய்ப் புடவைத் தலைப்பை இழுத்துப் பக்கத்தில் இருந்த அடுக்கை மூடினாள். திருட்டுப் பொருளை மூடுவது போல இருந்தது அது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே வந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். தலைப்புக்கு அடியில் கையை விட்டு ஒரு தாளை எடுத்தாள்.

“நீ எப்படிடி விட்டே? மலையையே பிடிச்சவ.”

இளையவள் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை படிப்பது அவள் முறை. முதலில் முன்னிருந்து, பொருள் புரிய. பிறகு கடைசிச் சொல்லில் இருந்து முதல் சொல்வரை, பின்னிருந்து. பின்னிருந்து படிக்கும்போது பொருள் வந்து கண்ணை ஏமாற்றாது. ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்து நிற்கும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அப்படித்தான் அந்தத் தாளையும் படித்தாள். ‘பிறந்தார்’ வந்தது. அதற்கு அடுத்து என்ன சொல் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

“அந்தச் சொல்லை மட்டும் நான் படிக்கலக்கா. கொதிக்கிற பாத்திரத்தைத் தாண்டுற மாதிரித் தாண்டிட்டேன். உன் ஞாபகம் வந்துடுச்சு.”

அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலில் வண்ண விளக்குகள், பகலில் அணைக்க மறந்தவை, எரிந்து எரிந்து அணைந்தன.

“எல்லாருமே தாண்டுறீங்க” என்றாள். குரலில் சண்டை இல்லை. “வீடு பூரா விளக்குப் போட்டிருக்கீங்க. நட்சத்திரம் கட்டியிருக்கீங்க. எனக்கு ரெண்டு துணி எடுத்திருக்கீங்க. குடிலை மட்டும் இறக்கல. எனக்கு வலிக்கும்னு அவரை எடுத்துட்டீங்க. சரி. அவரும் பிறக்கலன்னா, என் பிள்ளையை நான் யார்கிட்ட விட்டிருக்கேன்?”

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “அப்படி இல்லம்மா. அது போனதுல இருந்து நீ...”

“அது இல்லம்மா. அவன்.”

வகுப்பில் இதற்குத் திணை வழு என்று பெயர். மனிதரைப் பொருளாகவும் பொருளை மனிதராகவும் சொல்லிவிடும் பிழை. ‘பலன் பிறந்தார்’ என்ற வரியில் கண்ணை வைத்திருந்தால், வினையைப் பார்த்தே பிடித்திருக்கலாம். பிறந்தார் என்று சொன்ன பிறகு அங்கே வரவேண்டியது ஒரு பொருள் அல்ல, ஆள். அதை அவள் நேற்றே மனசுக்குள் குறித்துவைத்திருந்தாள். ஆனால் இரண்டரை மாதமாகத் தன் வாயாலும் அம்மா வாயாலும் அந்தப் பிழை நாளுக்குப் பத்து முறை நடந்துகொண்டிருந்ததை எந்தப் பக்கத்திலும் குறிக்கவில்லை. பிள்ளையை ஒரு தரம்கூட அவர்கள் அவன் என்று சொல்லியிருக்கவில்லை.

அம்மா அழுதாள். அழுதுகொண்டே எழுந்து, முக்காலியைப் போட்டு, யார் சொல்லையும் கேட்காமல் பரணில் இருந்து பெட்டியை இறக்கினாள். தூசி தட்டித் திறந்தபோது ஒற்றைக் காதுக் கழுதைதான் முதலில் தலைநீட்டியது. அதைப் பார்த்து மூவருக்கும் ஒரே சமயத்தில் ஏதோ வந்தது, சிரிப்பாக மாறுவதற்குள் அடங்கியும் போனது. பாலன் சுரூபம் உள்ளங்கை அளவுதான். பழைய தலையணை உறைத் துணியில் சுற்றி அடியில் கிடந்தது. அக்கா அதை எடுத்தாள்.

“பிரிக்கலியா?” என்று அம்மா கேட்டாள்.

“நாளைக்குத்தானே பிரிக்கணும்.”

சுற்றிய துணியோடு அதை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டிப் பேனா கேட்டாள்.

அக்கா போட்ட கால்கள் நேராக இருந்தன. அச்சுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு தாளிலும் கால் போட்டுவிட்டு அந்த வரியை உதடசைத்துப் படித்தாள். சரிபார்க்கிறாளா, ஜெபிக்கிறாளா, தெரியவில்லை. இளையவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது தாண்டுவதாகுமோ என்று ஒரு நிமிஷம் குழம்பி, ஆகாது என்று முடிவு செய்தாள். அந்த முடிவிலும் அவளுக்கு முழு நம்பிக்கை இல்லை. அக்கா ஒன்று போடுவதற்குள் அம்மா மூன்று போட்டாள்.

“இந்த வேகத்துல போனா ஈஸ்டர் வந்துடும்” என்று அம்மா சொல்லிவிட்டு, அது இறந்தவர் உயிர்த்தெழுந்த பண்டிகை என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“வரட்டும்” என்றாள் அக்கா.

ஜன்னல் வெளிச்சம் குறைந்தபோது இளையவள் விளக்கைப் போட்டாள். அக்கா பேனாவை மூடி, கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேசினாள். அதுவும் அவளாகப் பேசியது முதல் தடவை. அங்கே இப்போது ஒரு மரப்பலகை நட்டு எண் மட்டும் எழுதியிருக்கிறது. கல் வைக்க வேண்டும், அதில் என்ன வெட்டுவது என்று அத்தான் ஞாயிறுதோறும் கேட்க வாயெடுத்து, கேட்காமலே எழுந்து போகிறார்.

“நீ எழுதிக் குடு. உனக்குத்தான் பிழை இல்லாம எழுத வரும்.”

“எனக்கா?” என்றாள் இளையவள். சுற்றிலும் அறுநூறு தாள் கிடந்தது.

“உனக்குத்தான். இறந்தான்னு போடாதே. அது எல்லாருக்கும் தெரியும். பிறந்தான்னு போடு. எங்கள் மகன் பிறந்தான். கீழ தேதி. போதும்.”

இளையவள் அந்த மூன்று சொல்லையும் ‘1, கெட்டது’ என்று குறித்திருந்த தாளின் ஓரத்தில் எழுதினாள். இரண்டாவது சொல்லின் முதல் எழுத்துக்குப் பிறகு கை நின்றது. அங்கே கால் இல்லை, கால் வேண்டியதும் இல்லை. இருந்தும் ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

நாளை சாயந்திரம் கோவிலுக்கு வருவாயா என்று கேட்க இரண்டு நாளாகச் சொற்களை அடுக்கிவைத்திருந்தாள். கடைசியில் வெறுமனே, “வருவியாக்கா?” என்றுதான் வந்தது.

“வாசல்ல நின்னு தாள் குடுக்கறேன். உள்ள வர்றதைப் பத்தி இப்பக் கேக்காதே. பாடறதுக்கு என்கிட்ட குரல் இல்ல.” கொஞ்சம் பொறுத்து, “அந்த ஒரு வரி வேணா சொல்லுவேன். வாசல்ல இருந்தே” என்றாள்.

மடியில் இருந்ததைத் துணியோடு எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அம்மா தாள்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அழத் தொடங்கியது. அம்மாவின் கை தரையில் ஊன்றியது, எழுந்து குழாய்க்குப் போகப்போகிறாள் என்று இளையவள் நினைத்தாள். அம்மா எழவில்லை. பிள்ளை அழுது ஓயும்வரை மூவரும் அவரவர் இடத்தில் இருந்து கேட்டார்கள். உள்ளே அக்கா விசும்புவதும் கேட்டது, அது சீக்கிரம் ஓயவில்லை.

இளையவள் நோட்டை எடுத்தாள்.

டிசம்பர் 23, செவ்வாய். இன்றைய தவறு: இன்று செய்தது அல்ல. அக்டோபர் 8 முதல் இன்று வரை, ‘அது’ என்று சொன்னது. திருத்தம்: அவன். முடிந்த தாள்: 459. கெட்டது: 1.

நாளை: மீதி நூற்று நாற்பது தாள், காலை பத்துக்குள். குடிலுக்கு வைக்கோல், ஒரு கைப்பிடி. கல் வெட்டுகிறவர் பன்னிரண்டு மணி வரைதான் இருப்பார். மூன்று சொல்லையும் தேதியையும் அதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் பின்னிருந்து ஒருமுறை படிக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லாக.